மூத்தவளையும் சேர்த்துக் கேளுங்கள்



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதற்குள் நாம் எழுந்தாக வேண்டும். ஆதரவிழந்த ஒரு வீட்டின் அண்ணனை ஓர் ஊரிலும் தங்கையை வேறோர் ஊரிலும் பள்ளியில் சேர்த்துவிட்டால், "படிப்பு கெட்டுவிடும், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்" என்று சொல்லியே அந்தப் பிரிவை ஆண்டுக்கணக்கில் நீட்டிவிடுவார்கள்.

குழந்தைகள் இல்லங்கள் எப்படி இயங்குகின்றன என்பது நமக்குத் தெரியும். பையன்களுக்கு ஓர் இல்லம், பெண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், மிகச் சிறியவர்களுக்கு வேறோர் இடம். யாரும் கெட்ட எண்ணத்தோடு பிரிப்பதில்லை, ஏற்பாடே அப்படி. தாய் இறந்து தகப்பன் சிறைக்குப் போன வீட்டுப் பிள்ளைகள் மூவரும் மூன்று வாசல்களில் இறக்கிவிடப்படுகிறார்கள். அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை அதே வாரம் தம்பியையும் பறிகொடுக்கிறது. எவ்வளவு நல்ல இல்லமானாலும், வளர்ந்த அண்ணனையும் தங்கையையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்ள அதனால் முடிவதில்லை. வளர்ப்புக் குடும்பமாக முன்வரும் நம் வீடுகளால் முடியும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44-ஆவது பிரிவு: வளர்ப்புக் குடும்பங்களில் உடன்பிறந்தவர்களை ஒன்றாக வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும், சேர்ந்திருப்பது அவர்களுடைய நலனுக்கு ஆகாது என்றால் மட்டுமே விலக்கு. அந்த விலக்கும் தேவைதான். ஒரு பிள்ளை இன்னொன்றைத் துன்புறுத்தியிருந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் 'மூவரையும் ஏற்க வீடு கிடைக்கவில்லை' என்பது அந்த விலக்கில் சேராது. பிள்ளைகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு அப்படிக் கைவிரிக்கும்போது, இதோ வீடு என்று எழுந்து நிற்க வேண்டியவர்கள் நாம்.

நம்மிடமும் ஒரு வழக்கம் இருக்கிறது, அது இன்றோடு ஒழியட்டும். "சின்னதை மட்டும் கொடுங்கள், சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்" என்கிறோம். பத்து வயது அக்கா யாரும் கேட்காமல் நிற்கிறாள். அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த நாளெல்லாம் சோறு வடித்து ஊட்டியவள் அவள்தானே! அவளை விட்டுவிட்டுச் சின்னதை அழைத்து வந்தால், அந்தப் பிள்ளைக்கு மிஞ்சியிருந்த ஒரே தாயிடமிருந்து அதைப் பிரிக்கிறோம்.

மூவர் வந்தால் முதல் மாதங்கள் கடினம்தான். மூத்தவள் நள்ளிரவில் எழுந்து தம்பி மூச்சுவிடுகிறானா என்று பார்ப்பாள். நீங்கள் தட்டு வைக்கும் முன்பே அவள் பங்கு பிரிப்பாள். "நீ சும்மா இரு, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இத்தனை நாள் அவளைத் தாங்கியது அந்தப் பொறுப்பு. தங்கைக்குத் தலைவாருவது அவளிடமே இருக்கட்டும். சமையல் கவலையும் காய்ச்சல் கவலையும் ஒவ்வொன்றாக உங்கள் கைக்கு வரட்டும். ஒரே பாயில் சுருண்டு படுத்தால் படுக்கட்டும். மூவரும் கூட்டணி சேர்ந்து உங்களை எதிர்த்தால், அந்தக் கூட்டணியைக் காப்பதற்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றவர்கள் பார்க்க வரக் குழு அனுமதித்திருந்தால் மூவரும் சேர்ந்தே பார்க்கட்டும். இது தத்து அல்ல. நாளை சொந்த வீடு திரும்பினாலும் சேர்ந்தே திரும்பட்டும்.

பணத்துக்கு அஞ்ச வேண்டாம். அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. மூவருக்கும் கேட்டு வாங்குங்கள். தாமதமானால் நாம் எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்போம். 2024-இல் திருத்திய வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள் மணமாகாதவர், துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர்களுக்கும் வழி திறந்திருக்கின்றன. தனியாக வாழும் ஆண் பெண்பிள்ளையை ஏற்க முடியாது. அண்ணன் தம்பிகளை ஏற்கலாமே, அவர்களும் காத்திருக்கிறார்கள்.

ஒரு வீட்டுக்குத் தாங்காது என்றால் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் முன்வரட்டும். பள்ளி ஒன்றாக இருக்கட்டும். ஏற்க முடியாத தோழர்கள் மாலையில் பாடம் சொல்லிக்கொடுங்கள், கட்டில் கொடுங்கள், வளர்ப்பவர்கள் ஓய்ந்துபோகும் நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். விண்ணப்பத்தில் 'உடன்பிறந்த பிள்ளைகளை ஒன்றாக ஏற்கத் தயார்' என்று உங்கள் கையால் எழுதுங்கள். ஏற்கெனவே ஒரு பிள்ளை உங்களிடம் வளர்கிறதா? அதன் அண்ணன் எங்கே, அக்கா எங்கே என்று குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் சொல்லுங்கள், கூடவே வருகிறோம்.