ஒரு வீடு, 19 அடுப்பு

'டெரஸ் ஹவுஸ்' என்றதும் வடாம் காயப்போட மொட்டை மாடி உள்ள வீடு என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டன், அயர்லாந்துப் பக்கம் அதற்கு அர்த்தமே வேறு. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். தெரு நெடுக ஒட்டிக்கொண்டே போகும் வீடுகள். 1714-லிருந்து 1830 வரை வரிசையாக நாலு ஜார்ஜ்கள் ஆண்டதால், அந்தக் காலத்து வீட்டுக்கு 'ஜார்ஜியன்' என்று பேர்.

அப்படி ஒன்று டப்ளினில், ஹென்ரியட்டா தெரு, 14-ம் நம்பர். 1740-களின் கடைசியில் லூக் கார்டினர் என்ற பெரும்புள்ளி கட்டியது. வெளியே வெறும் செங்கல், படாடோபமெல்லாம் உள்ளேதான். இந்த ரக வீடுகளில் ஜன்னலை வைத்தே அந்தஸ்தைச் சொல்லிவிடலாம். முதல் மாடியில் விருந்தாளி ஹால், அதனால் ஜன்னல் நெடுநெடுவென்று இருக்கும். மேலே போகப் போகக் குள்ளமாகும். உச்சியில் வேலைக்காரர்கள்.

முதலில் குடியேறியவர் மோல்ஸ்வொர்த் பிரபு. ராணுவத்தில் பெரிய கை. 1758-ல் காலமானார். 1801-ல் அயர்லாந்தின் தனி பார்லிமெண்ட் போனதும், மற்ற பிரபுக்களும் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். 1850-ல் இந்த வீட்டுக்கு ஒரு கோர்ட் வந்தது. என்ன கோர்ட்? கடனில் மூழ்கிய ஜமீன்களின் நிலத்தை விற்றுத் தீர்க்கும் கோர்ட்! பிரபு வீட்டுக்குப் பொருத்தமான குடித்தனம்.

1877-ல் தாமஸ் வான்ஸ் என்பவர் கைக்கு வந்தது. மனுஷர் கணக்கில் புலி. பிரம்மாண்டமான மாடிப்படி வாடகை தருமா? தராது. பிடுங்கு! ஹால்களுக்கெல்லாம் தடுப்புப் போட்டு 19 ஒண்டுக்குடித்தனம் ஆக்கினார். 'மரியாதையான குடும்பங்களுக்கு' என்று விளம்பரம் வேறு. ஆளுக்கொரு அடுப்பு, கக்கூஸ் மட்டும் மாடிப்படித் திருப்பத்தில் பொது. 1911 சென்ஸஸின்போது அந்த ஒரே வீட்டில் 100 பேர்!

1970-களின் கடைசியில் கடைசிக் குடும்பமும் காலி செய்தது. டப்ளின் மாநகராட்சி பத்து வருஷத்துக்கு மேல் ரிப்பேர் பார்த்து, 2018-ல் மியூசியமாகத் திறந்தது.

விஷயமே இங்கேதான். இப்படி ஒரு வீடு கிடைத்தால் நமக்கு என்ன தோன்றும்? பின்னால் வந்தவர்கள் செய்ததையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு, பிரபு காலத்து ஜொலிஜொலிப்பைக் கொண்டு வரத்தானே? அவர்கள் அதைச் செய்யவில்லை. பிரபு காலத்து ஹாலும் உண்டு. ஒண்டுக்குடித்தனத்துச் செங்காவிச் சிவப்பும் நீலமும் நடைச்சுவரில் உண்டு. அந்த நீலத்துக்கு 'ரெக்கிட்ஸ் புளூ' என்று பேர். நம் வேட்டிகளுக்கு ராபின் நீலம் விற்ற அதே கம்பெனிச் சரக்கு.

யோசித்தால் நியாயம்தான். மோல்ஸ்வொர்த் அங்கே இருந்தது பத்து வருஷத்துச் சொச்சம்கூட இராது. ஒண்டுக்குடித்தனக்காரர்கள் இருந்தது சுமார் நூறு வருஷம். இருட்டு நடையில் தண்ணி தூக்கி, பிள்ளை பெற்று, வாடகைக்கு அல்லாடி வாழ்ந்தவர்களை, 'அசல் டிசைனைக் கெடுத்தவர்கள்' என்று அழித்துவிட்டால் எப்படி?

பத்திரம் யார் பேரில் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த வீட்டுக் கதையில் 19 அடுப்புக்கும் பங்கு உண்டு.