குளிரூட்டிக்கு உண்டு, ஹீட்டருக்கு இல்லையா?

டோபி காட் ரயில் நிலையத்தில் மூன்று தடங்கள் சந்திக்கின்றன. தினமும் அங்கே ரயில் மாறுபவர்களில் நானும் ஒருவன். 'டோபி' என்றால் சலவைத் தொழிலாளி, 'காட்' என்றால் படித்துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் பகுதியிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்து, பக்கத்துத் திறந்தவெளியில் உலர்த்தினார்கள். இன்று அந்த ஓடை கண்ணில் படுவதில்லை. நகரம் வளர வளர, தண்ணீர் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். தமிழ்நாட்டில் என் பாட்டி செப்புத் தவலையில் வெந்நீர் போடுவார். அடுப்பு கண்ணெதிரே எரியும், தவலை கருத்தால் தெரியும். வாரம் ஒருமுறை புளியைப் போட்டுத் தேய்த்துவிடுவார். புளியிலுள்ள அமிலம் செம்பின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கும் என்ற வேதியியல் பாட்டிக்குத் தெரியாது. பாத்திரத்தைப் பராமரிக்க வேண்டும் என்பது தெரியும். நமக்கு வேதியியல் தெரியும். ஆனால் நம் வெந்நீர்த் தொட்டி குளியலறையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கிறது. கடைசியாக அதை எப்போது பார்த்தீர்கள்?

சிங்கப்பூரில் வீடு வாடகைக்கு எடுத்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். குளிரூட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற விதி பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் இருக்கும். தொட்டி ஹீட்டரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. குளிரூட்டி கெட்டால் அறை புழுங்கும், அவ்வளவுதான். ஹீட்டரிலோ தண்ணீர், மின்சாரம், அழுத்தம் மூன்றும் ஒரே உருளைக்குள் இருக்கின்றன. கவனிப்பை நாம் தலைகீழாகப் பங்கிட்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

முதலில் அழுத்தத்தைப் பார்ப்போம். சூடானால் தண்ணீர் விரியும். 50 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் கன அளவு அரை லிட்டருக்கும் மேல் கூடும். தண்ணீரை எளிதில் அமுக்க முடியாது. மூடிய தொட்டியில் அந்த அரை லிட்டர் எங்கே போகும்? அதற்காகத்தான் தொட்டியில் ஒரு பாதுகாப்பு வால்வு வைத்திருக்கிறார்கள். அழுத்தம் மிகும்போது அது திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே விடும். ஹீட்டர் ஓடும்போது அதன் குழாயில் சில சொட்டுகள் விழுவது கோளாறு அல்ல. வால்வு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

எனக்குத் தெரிந்த ஒரு வாடகை வீட்டில், சொட்டுச் சத்தம் தொல்லையாக இருக்கிறதென்று அந்தக் குழாயின் வாயை அடைத்துவைத்திருந்தார்கள். குடியிருந்தவர் கேட்டபோது, "ஒழுகிச்சு, சரி பண்ணியாச்சு" என்று பதில் வந்ததாம். அது சரிசெய்தல் அல்ல. தெர்மோஸ்டாட் கெட்டு, அதற்கு மேலே இருக்கும் வெப்பத் துண்டிப்பும் வேலை செய்யாமல் போனால், அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாகாமல் நிற்கும். தொட்டி பிளந்தால் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 லிட்டர் இடம் கேட்கும். அப்படி நடப்பது மிக அரிது. அரிதாக இருப்பதற்குக் காரணமே அந்த வால்வுதான். அதையா அடைப்பது?

இரண்டாவது, துரு. பல தொட்டிகள் உள்ளே எனாமல் பூசிய எஃகால் ஆனவை. எனாமலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். அங்கே இரும்பைக் காப்பாற்ற, தொட்டிக்குள் ஒரு மக்னீசியத் தண்டைத் தொங்கவிடுகிறார்கள். இரும்பைவிட மக்னீசியம் வினைத்திறன் மிக்கது. அது தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துத் தான் அரிக்கப்பட்டு, இரும்பை விட்டுவைக்கும். ஹம்ப்ரி டேவி 1824-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் இப்படித்தான் இணைத்துப் பார்த்தார். செம்பு அரிக்கவில்லை. ஆனால் கரைந்த செம்பின் நஞ்சு இல்லாததால் கப்பலின் அடியில் சிப்பிகள் ஒட்டிக்கொண்டன! அந்தச் சிக்கல் நம் தொட்டிக்கு இல்லை.

உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்கள் இதைத் 'தியாகப் பாதுகாப்பு' என்று தேர்வுக்குப் படிக்கிறார்கள். "இது உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கப்பல் என்பார்கள், பாலம் என்பார்கள். தலைக்கு மேலே இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. நாங்கள் காட்டியதில்லை.

"பத்து வருடமாக எதுவும் செய்யவில்லை, நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். ஓடும். அந்த வருடங்களில் மக்னீசியம் கரைந்துகொண்டிருந்தது. அது தீர்ந்த பிறகு தொட்டியின் முறை. தண்டை மாற்றும் செலவு புதுத் தொட்டியின் விலையைவிட மிகக் குறைவு.

என்ன செய்யலாம்? ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழையுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, அடியில் தங்கிய வண்டலை வடிக்கச் சொல்லுங்கள். வால்வின் நெம்புகோலைத் தூக்கிச் சோதிக்கச் சொல்லுங்கள். மக்னீசியத் தண்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். நடுக்கம்பி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். செப்புத் தொட்டியானால் தண்டு இல்லாமலும் இருக்கலாம், கையேட்டைப் பாருங்கள். வேலை முடிந்ததும் தொட்டி நிரம்பிய பிறகே ஸ்விட்சைப் போட வேண்டும். வெறும் தொட்டியில் சூடேற்றும் கம்பி கருகிவிடும்.

நீங்களே செய்யக்கூடியவையும் உண்டு. சுடுநீர்க் குழாயில் மட்டும் செந்நிறத் தண்ணீர் வந்தால் உள்ளே துரு என்று சந்தேகியுங்கள். தொட்டி கடமுடவென்று சத்தமிட்டால் வண்டல் சேர்ந்திருக்கலாம். ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீர் வரும் தமிழ்நாட்டு வீடுகளில் இது அதிகம், ஊரில் இருக்கும் உறவினர்களிடமும் சொல்லுங்கள். மின்பெட்டியில் 'ஆர்சிசிபி' எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பு விசையின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். 1985-க்கு முன்பு கட்டிய சில வீடுகளில் இந்த விசை இல்லாததால்தான், 2025 ஜூலை 1-க்குள் எல்லாக் குடியிருப்புகளிலும் இது இருக்க வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்தது.

சட்டம் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. மீதித் தூரத்தை நாம் நடக்க வேண்டும். வீட்டு உரிமையாளராக இருந்தால், அடுத்த ஒப்பந்தத்தில் குளிரூட்டி வரிக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: 'ஹீட்டர் தொட்டி ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கப்படும், செலவு உரிமையாளருடையது.' வாடகைக்கு இருப்பவரானால், கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைக் கேளுங்கள். கூடவே இன்று இரவு அந்தச் சொட்டுக் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அதன் வாய் திறந்திருக்கட்டும்.