புயலுக்குச் சேர்ந்தவங்க, புகைக்குச் சேரக் கூடாதா?



காற்று மாசு, அளவீடு இதெல்லாம் விஞ்ஞானிகள் சமாசாரம், நமக்கெதுக்கு என்று நம்மில் பல பேர் நினைக்கிறோம். ஆனால், பிள்ளைக்கு மூச்சு இரைத்தால் ராத்திரி முழுக்க நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நாம்தானே? அதனால் இதைப் பற்றிப் பேச நமக்குத்தான் முதல் உரிமை.

2022 டிசம்பர் 9-ம் தேதி இலங்கையில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். மழைக்காக இல்லை. காற்று அவ்வளவு மோசமாகிவிட்டது. கொழும்பு, யாழ்ப்பாணம் எல்லாம் புகை மூட்டம். அப்போ நம் பக்கம் மாண்டஸ் புயல் வந்துகொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து கிளம்பிய மாசு, அந்தப் புயல் காற்றோடு வந்துவிட்டது என்று அந்த நாட்டு அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். எங்கோ மூட்டிய புகைக்கு, கடல் தாண்டி இருக்கிற தாய் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைக்கிறாள். புகைக்குப் பாஸ்போர்ட்டா வேணும்?

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. அந்த மாண்டஸ் என்ற பெயரைக் கொடுத்தது ஐக்கிய அரபு எமிரேட்ஸ். நம்ம கடல் புயல்களுக்கு 13 நாடுகள் சேர்ந்து பெயர் வைக்கின்றன. பாகிஸ்தானும் இருக்கு, இலங்கையும் இருக்கு. டெல்லி வானிலை மையம் கணித்து எல்லாருக்கும் தகவல் அனுப்புகிறது. எத்தனை சண்டை இருந்தாலும் புயல் செய்தி நிற்பதில்லை. அதனால் எத்தனையோ உயிர் தப்புகிறது. புயலுக்கு முடிந்தது புகைக்கு ஏன் முடியவில்லை?

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 1998-ல் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு, ஈரான் என்று எட்டு நாடுகள் கூடி, எல்லை தாண்டும் மாசைச் சேர்ந்து அளப்போம், தடுப்போம் என்று பிரகடனம் செய்தன. அடுத்த வருஷமே, 1999-ல், 200-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கப்பல், விமானம் எல்லாம் கொண்டுவந்து இந்தியப் பெருங்கடல் மேலே காற்றை அளந்தார்கள். நம்ம அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்ரன் ராமநாதன்தான் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். சுத்தமான கடல் காற்று என்று நினைத்த இடத்தில், மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குப் பழுப்பு நிறப் புகைமூட்டம் இருந்ததாம்! வண்டிப் புகை, ஆலைப் புகை மட்டுமில்லை. விறகு, வறட்டி எரிக்கிற அடுப்புப் புகையும் அதில் கலந்திருந்தது.

அளந்து பார்த்ததால்தானே தெரிந்தது? அளக்காவிட்டால் ஒருத்தர் மேல் ஒருத்தர் பழி போடுவதுதான் மிச்சம். 2024 நவம்பரில் லாகூரிலும் பள்ளிகளை மூடினார்கள், டெல்லியிலும் மூடினார்கள். வயலில் தாள் எரிப்பது எல்லைக்கு அந்தப் பக்கமும் நடக்குது, இந்தப் பக்கமும் நடக்குது. உன் புகையா, என் புகையா என்று அரசியல்வாதிகள் வாதாடினால் பிள்ளைகளின் இருமல் நின்றுவிடுமா?

இன்னொன்று. நம் தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு இருக்கிற தூசிதான் நுரையீரலின் அடிவரை போகிறதாம். அதன் வருஷ சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. நம் நாட்டில் 40 வரை அனுமதி. கடைக்குக் கடை வேற வேற படி வைத்து அளந்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? எல்லா நாடும் ஒரே மாதிரி அளந்து, அன்றன்றைக்கே அடுத்த நாட்டுக்கும் சொல்லணும். புயல் எச்சரிக்கை மாதிரி, "நாளைக்குக் காற்று மோசம், குழந்தைகள், வயசானவங்க வெளியே போகாதீங்க" என்று முந்தின நாளே நம் காதுக்கு வரணும்.

தினமும் தங்கம் விலை போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், நம்ம ஊர்க் காற்றின் அளவையும் நாளிதழ்கள் போட்டால் எவ்வளவு உபயோகமாக இருக்கும்! தங்கம் எல்லாராலும் வாங்க முடியாது. காற்றை எல்லாரும்தானே சுவாசிக்கிறோம்?

அரசாங்கம் செய்யட்டும் என்று நாமும் சும்மா இருக்கக் கூடாது. தெருமுனையில் பிளாஸ்டிக் குப்பையைக் கொளுத்தும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போகாமல், "எரிக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, தண்ணி கேட்கிற மாதிரி, "எங்க ஊரில் காற்றை அளக்க மெஷின் எங்கே?" என்றும் கேட்கலாம். நாலு பெண்கள் கேட்டால் பதில் வராமலா போகும்?

என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே? உங்கள் கருத்தையும் எழுதுங்களேன்.

- ஓர் இல்லத்தரசி, ராமநாதபுரம்.