நாணயத்துக்கு வைத்த ஈடு

தமிழில் ‘நாணயம்’ என்ற சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். வாங்கிய கடனைச் சொன்ன நாளில் திருப்பித் தருபவரை ஊரார் ‘நாணயமானவர்’ என்பார்கள். அந்தப் பெயரைச் சம்பாதிக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அந்தப் பெயர் கூடவே பேருந்து ஏறி வருவதில்லை. பெங்களூருக்கு வந்து சேரும் தமிழர் ஒருவர், தாம் நாணயமானவர் என்பதை முதலிலிருந்து மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. இந்த முறை அதைக் கேட்பது ஊர் அன்று; சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் 300 முதல் 900 வரை இடும் ஒரு மதிப்பெண்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கலாம். தருமபுரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, பீன்யாவில் ஒரு தொழிற்கூடத்தில் கணக்கு எழுதும் பெண் அவர். கடன் வரலாறே இல்லாததால் எந்த வங்கியும் அவருக்குக் கடனட்டை தரவில்லை. வீட்டருகே இருந்த கூட்டுறவு வங்கி ஒரு வழி சொன்னது: 50,000 ரூபாயை நிலை வைப்பாகப் போட்டால், அதில் எண்பது விழுக்காடு, அதாவது 40,000 ரூபாய் வரம்புள்ள கடனட்டை கிடைக்கும். அட்டை இருக்கும்வரை அந்த வைப்பின்மீது வங்கிக்குப் பற்றுரிமை உண்டு. வங்கிகள் அதை ‘லியன்’ என்கின்றன. மூன்று ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் அவர் கட்டினார். இடையில் வேறொரு வங்கி, ஈடு எதுவும் கேட்காமலே 60,000 ரூபாய் வரம்புள்ள அட்டையைக் கொடுத்தது. இப்போது தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்த 50,000 ரூபாய் தேவைப்படுகிறது. அட்டையை மூடினால்தான் பணம் விடுபடும். “மூடினால் ஸ்கோர் விழுந்துவிடும், நாளைக்கு வீட்டுக்கடன் கிடைக்காது” என்று சுற்றியுள்ளவர்கள் எச்சரிக்கிறார்கள்.

மூடலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் மதிப்பெண்ணிலிருந்தே விடை தேடத் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் வைப்புத் தொகை. சாதாரணக் கடனட்டையில் வங்கி வாடிக்கையாளரை நம்புகிறது. ஈட்டு அட்டையில் வாடிக்கையாளர்தான் முதலில் வங்கியை நம்பிப் பணம் கொடுக்கிறார். அதற்குள் அடங்கிய ஒரு தொகையை வங்கி அவருக்குக் கடனாகத் திருப்பித் தருகிறது. எனவே அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது, எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது, எதற்குத் தேவைப்படுகிறது என்பவையே முதற்கேள்விகள். மதிப்பெண் அதற்கு அடுத்தது.

கூட்டுறவுக் கடனின் பிறப்பை நினைத்துப் பார்த்தால், இந்த ஏற்பாட்டில் உள்ள முரண் விளங்கும். ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து வருமாறு சென்னை அரசு ஃபிரடெரிக் நிக்கல்சனை அனுப்பியது. அவருடைய அறிக்கை 1895, 1897 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் பிறந்தது. மறு ஆண்டே இன்றைய கர்நாடகத்தின் கதக் மாவட்டத்திலுள்ள கணகினஹாளில் ஒரு கடன் சங்கம் தோன்றியது. இந்நாட்டுக் கூட்டுறவு வரலாற்றில் முன்னோடியாக அது போற்றப்படுகிறது. 1907இல் இந்தியா வந்த பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் இங்குள்ள கிராமக் கடன் சங்கங்களைக் கண்டு வியந்து, தம் நாட்டில் ‘கிரெடிட் யூனியன்’ இயக்கத்தை வளர்த்தெடுத்தவர்களுள் ஒருவரானார். 1909இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அதற்கெனச் சட்டம் இயற்றியது.

இந்த இயக்கத்தின் அடிப்படை எளிது. ஈடு வைக்க நிலமோ நகையோ இல்லாதவருக்கும் அக்கம்பக்கத்தார் அறிந்த நற்பெயர் உண்டு. அந்தப் பெயரை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்பதே அது. கந்துவட்டிக்கு மாற்றாக எழுந்த அந்த எண்ணத்தின் வாரிசு, இன்று நூறு ரூபாயை வாங்கி வைத்துக்கொண்டு எண்பது ரூபாய்க்குக் கடன் கொடுக்கிறது. இதைக் குற்றமென்று மட்டும் சொல்ல இயலாது. புலம்பெயர்ந்தோர் நிறைந்த பெருநகரில் அண்டைவீட்டாரின் சாட்சியத்துக்கு இடமில்லை. கடன் வரலாறே இல்லாதவருக்கு ஒரு வரலாற்றைத் தொடங்கி வைக்க ஈட்டு அட்டை பயன்படுகிறது. ஆனால் அது ஓர் ஏணி. மாடிக்கு ஏறிய பிறகும் ஏணிக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வாடகையின் கணக்கைப் பார்ப்போம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய் என்றால், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து 590 ரூபாய். வைப்புக்கு ஏழு விழுக்காடு வட்டி என்று கொண்டால் ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரும். மாதந்தோறும் நிலுவையை முழுதாகக் கட்டிவிடுபவருக்கு இது பெரிய நட்டமன்று. முழுதாகக் கட்டாமல் நிலுவையைச் சுமப்பவரின் நிலை வேறு. மாதம் 3.5 விழுக்காடு வட்டியில் 20,000 ரூபாய் ஓராண்டு நிலுவையில் நின்றால் வட்டி மட்டும் 8,400 ரூபாய். அதே 20,000 ரூபாய்க்கு வங்கி அவருக்குக் கொடுக்கும் வட்டி 1,400 ரூபாய். தம்முடைய பணத்தையே தாம் கடனாக வாங்கி, அதற்காக ஆண்டுக்கு 7,000 ரூபாய் இழக்கிறார். இப்படிப்பட்டவர் தயங்காமல் நிலுவையைத் தீர்த்து அட்டையை மூட வேண்டும். அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால், வைப்பின்மீது நேரடியாகக் கடன் வாங்கலாம். அதற்கான வட்டி பொதுவாக வைப்பு வட்டியைவிட ஒன்றிரண்டு விழுக்காடே கூடுதல்.

அடுத்தது பாதுகாப்பு. பெங்களூருவாசிகளுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 2020 ஜனவரியில் பசவனகுடியின் ஸ்ரீ குரு ராகவேந்திர சககார வங்கிமீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகளை விதித்தது. ஒரு வைப்பாளர் எடுக்கக்கூடிய தொகை 35,000 ரூபாய் என்று வரம்பிடப்பட்டது. கணக்கில் எத்தனை இலட்சம் இருந்தாலும் கைக்கு வரக்கூடியது அன்று அவ்வளவே. அதற்கு அடுத்த மாதம் வைப்புக் காப்பீட்டின் உச்சவரம்பு ஒரு இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சமாக உயர்ந்தது. 2021இல் சட்டம் திருத்தப்பட்டு, இத்தகைய கட்டுப்பாடு வந்த 90 நாள்களுக்குள் காப்பீட்டுத் தொகை வைப்பாளரைச் சேர வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது.

ஆகவே உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கியிலுள்ள 50,000 ரூபாய் முற்றாக மூழ்கிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தொண்ணூறு நாள் என்பது கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாளுக்குப் பொருந்தாத கணக்கு. மேலும், காப்பீட்டுத் தொகையை நிர்ணயிக்கும்போது வைப்பாளர் அந்த வங்கிக்குத் தர வேண்டிய கடன் கழிக்கப்படும். அட்டை நிலுவையும் கடன்தான். கையிருப்பு முழுவதையும் ஒரே சிறு வங்கியில் ஈடாக வைத்திருப்பவர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பெயரில் ‘சௌகார்த’ என்றோ ‘கடன் சங்கம்’ என்றோ தாங்கி நிற்கும் சங்கங்களில் போடும் வைப்புக்கு இந்தக் காப்பீடே கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் வெளிப்படையாகவே எச்சரித்தது. வங்கி வேறு, சங்கம் வேறு.

இனி மதிப்பெண். அட்டையை மூடியவுடன் மூன்றாண்டு நற்பெயர் அழிந்துவிடும் என்ற அச்சம் பிழையானது. கடன் தகவல் நிறுவனங்கள் தம்மிடமுள்ள விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மூடிய கணக்கும், அதில் தவறாமல் கட்டிய மாதங்களும் அறிக்கையில் நீடிக்கும்.

உண்மையான பாதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு அட்டைகளின் மொத்த வரம்பு இப்போது ஒரு இலட்சம். மாதச் செலவு 24,000 ரூபாய் என்றால் பயன்பாடு 24 விழுக்காடு. ஈட்டு அட்டை போனபின் வரம்பு 60,000. அதே செலவு 40 விழுக்காடாகிவிடும். முப்பது விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை. இந்த உயர்வால் மதிப்பெண் சற்று இறங்கலாம். ஆனால் இது ஆறாத காயமன்று. இரண்டாம் அட்டையின் வரம்பை முன்னதாகவே உயர்த்தக் கேட்கலாம். அல்லது அறிக்கைத் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். வீட்டுக்கடனுக்கு அடுத்த மாதமே விண்ணப்பிப்பதாக இருந்தால், கடன் ஒப்புதலாகி வரும்வரை மூடாமல் இருப்பதே அறிவு. வீட்டுக்கடன் ஓராண்டுக்கு அப்பால் என்றால், இன்றைய இறக்கத்துக்காகத் தங்கையின் படிப்பைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணிடம் இரண்டாவது அட்டை இல்லாதிருந்தால் விடை மாறியிருக்கும். ஒரே கணக்கை மூடிவிட்டால் நடப்பு வரலாறு என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. அப்போதும் உடனே மூடாமல், ஈடில்லாத அட்டையாக மாற்றித் தருமாறு அதே வங்கியிடம் முதலில் கேட்பதே முறை. “மூடவும் வேண்டாம், பயன்படுத்தவும் வேண்டாம், பெட்டியில் கிடக்கட்டும்” என்போரும் உண்டு. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத அட்டையை, வாடிக்கையாளருக்கு அறிவித்து, 30 நாள்களில் பதில் வராவிட்டால் வங்கியே மூடலாம் என்கிறது 2022ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி நெறிமுறை. பெட்டியில் வைத்தாலும் அது நிலைக்காது. வைத்திருப்பதென்றால் சிறு தொகைக்காவது பயன்படுத்தி, முழுதாகக் கட்டிவர வேண்டும்.

மூடத் தீர்மானித்தபின் ஒழுங்கு முக்கியம். மின்கட்டணம், கைப்பேசி என்று அட்டையில் தானாகக் கழியும் தொகைகளை முதலில் வேறு கணக்குக்கு மாற்ற வேண்டும். நிலுவையை முழுதாகக் கட்டி, அடுத்த அறிக்கையில் எஞ்சிய வட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பின்பு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நிலுவை இல்லாத அட்டையை ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று அதே நெறிமுறை கூறுகிறது. அட்டை மூடப்பட்டதற்கான கடிதத்தோடு நின்றுவிடாமல், வைப்பின்மீதான பற்றுரிமை நீக்கப்பட்டதற்கும் எழுத்துச் சான்று கேட்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஒன்று முடிந்து மற்றொன்று முடியாமல் கிடப்பதுண்டு. பற்றுரிமை நீங்கியபின் வைப்பை உடனே உடைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. முதிர்வு அண்மையில் இருந்தால், முன்கூட்டியே எடுப்பதால் குறையும் வட்டியைக் கணக்கிட்டுக் காத்திருக்கலாம். சில வாரங்கள் கழித்து, ஆண்டுக்கொருமுறை இலவசமாகக் கிடைக்கும் முழுக் கடன் அறிக்கையைப் பெற்று, கணக்கு ‘மூடப்பட்டது’ என்று பதிவாகியுள்ளதா என்று பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவையும் ஒரு தனிமனிதர் தாமே அறிந்து, தாமே கேட்டு, தாமே துரத்த வேண்டியிருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் குறை. கடன் தவறினால் வைப்பைப் பிடித்துக்கொள்ளும் நாளை வங்கி ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுகிறது. தவறாமல் கட்டினால் வைப்பை விடுவிக்கும் நாளையும் அதே ஒப்பந்தத்தில் எழுதச் செய்வது நியாயமான கோரிக்கை. இரண்டாண்டு ஒழுங்காகக் கட்டியவரிடம் வங்கியே வந்து, “இனி உங்கள் ஈடு வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். சொல்ல இயலாதென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உறுப்பினர்களின் நற்பெயரை நம்பிப் பிறந்த கூட்டுறவு இயக்கத்துக்கு இது புதிய பாடமன்று, மறந்துபோன பாடம்.

பீன்யாவின் அந்தப் பெண் அட்டையை மூடலாம். மூன்றாண்டுகள் தவறாமல் கட்டித் தம் நாணயத்தை அவர் காட்டிவிட்டார். அதற்கு ஈடாக வைத்த பணம் இப்போது தங்கையின் கட்டணமாகட்டும்.