"நிமிர்ந்து உட்கார்!" என்றால் போதுமா?

"நிமிர்ந்து உட்கார்!" இந்தக் கட்டளையை நீங்கள் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? கேட்டவுடன் மார்பை முன்னே தள்ளி, முதுகை விறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலை போல் அமர்கிறீர்கள். இரண்டு நிமிடத்தில் பழைய கூனல் திரும்பி விடுகிறது. குறை உங்களுடையது அன்று. கற்பிக்கும் முறையுடையது என்பதே என் கருத்து. உடலுக்குச் சொல்லால் மட்டும் பாடம் நடத்த முடியாது. தொட்டுக் காட்ட வேண்டும்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் அமர்ந்து, விரல்களைப் பிடரியில், மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே மெதுவாக வையுங்கள். இப்பொழுது எழுந்து நில்லுங்கள். அங்கே தசை இறுகுவதும், தலை பின்னுக்குச் சாய்வதும் உங்களில் பலருக்கு விரல்களில் தெரியும். எழுந்திருக்கக் கால்கள்தானே உழைக்க வேண்டும்? கழுத்து ஏன் இப்படி முறுக்கிக்கொள்கிறது? இத்தனை நாளும் இது உங்களுக்குத் தெரிந்ததா?

இதைத் தம் உடலிலேயே கண்டறிந்தவர் எஃப். எம். அலெக்சாண்டர். 1869இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்தவர். மருத்துவர் அல்லர், ஷேக்ஸ்பியர் நாடகப் பகுதிகளை மேடையில் பேசி நடித்தவர். மேடையில் அவர் குரல் கம்மி விடும். ஓய்வெடுத்தால் திரும்பும்; மேடையேறினால் மறுபடி போய்விடும். 'அப்படியானால் பேசும்பொழுது நானே ஏதோ தவறு செய்கிறேன்' என்று ஊகித்துக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். தலை பின்னுக்கு இழுபட்டது, குரல்வளை அமுங்கியது. சரி, தலையை முன்னே கொண்டு வருவோம் என்று முயன்றார். கொண்டு வந்து விட்டதாகவே உணர்ந்தார். கண்ணாடியோ, தலை இன்னும் பின்னேதான் போகிறது என்று காட்டியது!

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தம் புலனே தம்மை ஏமாற்றுவதை ஒருவர் வெறும் கண்ணாடியைக் கொண்டு கண்டுபிடித்து விட்டாரே!

கண்ணை மூடிக்கொண்டும் மூக்கு நுனியைத் தொடுகிறீர்கள் அல்லவா? தசைகளுக்குள் நூற்கும் கதிரின் வடிவில் நுண்ணிய உணர் உறுப்புகள் உள்ளன. தசை நீளும்பொழுது அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. கழுத்துத் தசைகளில் இவை மிக நெருக்கமாக உள்ளன. ஆனாலும் நெடுநாள் பழகிய இறுக்கம் நமக்குச் 'சரி' என்றே படுகிறது. சரியான நிலையோ கோணலாகப் படுகிறது. இந்நிலையில் "நிமிர்" என்றால், அவரவர் தம் கோணல் அளவுகோலைக் கொண்டுதானே அளப்பார்கள்?

எனவேதான் அலெக்சாண்டர் கையால் கற்பித்தார். 1904இல் லண்டன் சென்று, 1955இல் இறக்கும்வரை பாடம் சொன்னார். இதில் கை அமுக்குவதில்லை, பிசைவதில்லை. கழுத்திலும் முதுகிலும் இலேசாகத் தங்கி, மாணவர் உட்கார்ந்து எழும்பொழுது இறுக்கம் தலைகாட்டும் கணத்தை உணர்த்தும். குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைக்கிறோமே, அது போல!

நோபல் பரிசு பெற்ற டின்பெர்கன் 1973இல் தம் பரிசு உரையிலேயே இம்முறையைப் புகழ்ந்தார். பெரியவர் புகழ்ந்தார் என்பது சான்றாகாது. 2008இல் இங்கிலாந்தில் நாட்பட்ட முதுகுவலியுள்ள 579 பேரிடம் நடத்திய சோதனையே சான்று. ஓராண்டுக்குப் பின், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருக்கு நான்கு வாரத்தில் 21 நாள் வலி இருந்தது. இம்முறையில் 24 பாடங்கள் கற்றோருக்கு 3 நாளே. இவை நடுத்தர அளவுகள். ஆஸ்துமாவும் இதனால் தீரும் என்பாரை நம்பாதீர்கள். அதற்குத் தக்க சோதனைச் சான்று இல்லை.

உடற்பயிற்சி வகுப்பில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றேனும் வேண்டும் என்பேன். தொட்டுக் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அதுவரை உங்கள் கையே போதும். விரல்களைப் பிடரியில் வைத்து மறுபடி எழுங்கள், இம்முறை மிக மெதுவாக. கழுத்து இறுகத் தொடங்கினால் நிறுத்தி, மீண்டும் அமருங்கள். முதல் நாளே கைகூடாது. அலெக்சாண்டருக்கே ஆண்டுகள் பிடித்தன.