யாருக்கு இது எதிர்பாராத சுவை?

அண்மைக் காலமாகத் தமிழில் ஒருவகைக் கட்டுரை பெருகிவருகிறது. எழுதுபவர் பெருநகரவாசி. நெடுஞ்சாலையில் போகும்போது பசிக்கிறது; சிற்றூர் ஒன்றில் இறங்குகிறார். தகரக் கூரை, கரிபிடித்த சுவர், விறகடுப்பு, கல்லாவில் ஒரு பெரியவர். முதல் கவளத்திலேயே அவருக்கு ஞானம் பிறந்துவிடுகிறது. ‘காலம் உறைந்துபோன ஊர்’, ‘மங்கிவரும் அழகு’, ‘எதிர்பாராத சுவை’ ஆகிய மூன்று தொடர்களும் தவறாமல் வந்து விழுகின்றன. கடைசிப் பத்தியில் அவருடைய வண்டி கிளம்பிவிடுகிறது. ஊர் அங்கேயே நிற்கிறது.

இந்த வகை எழுத்தோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் சாலையில் வாலாஜா, இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தொடரும் தோல்தொழில் ஊர்களைப் பற்றித்தான் இவ்வெழுத்து மிகுதியாக வருகிறது. இப்பகுதியில் வாழ்ந்து, இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, இங்குள்ள கடைகளிலேயே உண்டு வருபவர்கள் என்ற முறையில் நாம் கேட்கும் கேள்வி எளியது: எதிர்பாராதது என்கிறீர்களே, யார் எதிர்பாராதது?

முதலில் ‘மங்கும் ஊர்’ என்பதைப் பார்ப்போம். செஞ்சியின் தேசிங்குராசன் 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு போரிட்டு மாண்டான். உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் நினைவாக நவாபு எழுப்பிய ஊரே இராணிப்பேட்டை என்பது மரபுச் செய்தி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856 சூலை முதல் நாளில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம், பக்கத்திலிருக்கும் வாலாஜா ரோடு. ஸ்கடர் மருத்துவமனை 1866இல் தொடங்கியது. பாரி நிறுவனம் 1906இலேயே இங்கே உரத் தொழிற்சாலை அமைத்தது. 2019இல் இவ்வூர் மாவட்டத் தலைநகரம் ஆனது. 2024 செப்டம்பரில் இதே மாவட்டத்தின் பனப்பாக்கத்தில் டாட்டா மோட்டார்ஸ் வாகனத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தனையும் நடந்த ஊரில் காலம் எங்கே உறைந்தது? உறைந்தது புறவழிச்சாலையில் போகிறவரின் பார்வை. சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போனதனால் ஊர் அவர் கண்ணுக்கு மங்கிற்று, அவ்வளவே.

மங்கியவை இல்லையா என்றால், உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட பழைய சிறு தோல்ஷாப்புகள் பல மூடிக்கிடக்கின்றன. ஆனால் அந்த மங்கலுக்குக் காரணங்கள் உண்டு: ஏற்றுமதிக் கொள்கை, குரோமிய முறைக்கு மாறிய தொழில், வற்றிய பாலாறு, நீதிமன்ற ஆணைகள். காரணத்தை நீக்கிவிட்டு மங்கலை மட்டும் அழகாகக் காட்டுவது இரசனை ஆகாது. அது ஒருவகைச் சோம்பல்.

அடுத்து உணவு. தொல்காப்பியர் கருப்பொருள்களைக் கூறும்போது உணவையும் தொழிலையும் ஒரே பட்டியலில் வைத்தார். ஒரு நிலத்தின் சோற்றை அந்நிலத்தார் செய்யும் வேலையிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்பது அதன் பொருள். பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ‘எங்கே போனால் என்ன கிடைக்கும்’ என்று வழிசொல்லும் பழைய நூல்களுள் அது ஒன்று. இந்தத் தொண்டை நாட்டு மன்னனிடம் செல்லும் வழியைச் சொல்வது. எயினர் குடியிருப்பில் கிடைக்கும் புல்லரிசிச் சோற்றைப் பற்றிச் சொல்ல வந்த உருத்திரங்கண்ணனார், சுவையோடு நின்றுவிடவில்லை. எயிற்றியர் கரம்பை நிலத்தைக் கிளறி அரிசியைத் திரட்டியது, நிலவுரலில் குற்றியது, தோண்டிய ஊற்றில் உவர்நீரே கிடைத்தது, விளிம்புடைந்த பானையை முரிந்த அடுப்பில் ஏற்றியது என ஒவ்வொன்றையும் சொன்ன பிறகே சோற்றைக் காட்டுகிறார். தண்ணீர் உவர்ப்பு என்பதைக்கூட அவர் மறைக்கவில்லை. நம் காலத்துச் சுவைப் பயணிகளுக்கு அந்தப் பாணனின் பொறுப்பில் பாதியாவது இருக்கக்கூடாதா?

ஆம்பூர் பிரியாணியைப் பற்றி எழுதாதவர் இல்லை. சீரகச் சம்பா, அரைத்த காய்ந்த மிளகாய், தம், பக்கத்தில் கத்திரிக்காய்த் தொக்கு, தயிர் வெங்காயம். உடனே நவாபுகளின் சமையற்கட்டுக்குப் போய்விடுவார்கள். அரண்மனை என்றால் எல்லோருக்கும் நாக்கில் நீர் ஊறும். ஆனால் நவாபு போய் இத்தனை தலைமுறைக்குப் பிறகும் அந்த டேக்சா ஒவ்வொரு நாளும் அடுப்பில் ஏறுகிறதே, அதை ஏற்றி வைத்தது யாருடைய பசி? விடியலில் தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, சுண்ணாம்பிலும் உப்பிலும் கையை வேகவைத்துக்கொண்ட தொழிலாளியின் பசி அது. காலணிக் கம்பெனிகளுக்கு வேனில் ஏறிப் போகும் ஆயிரக்கணக்கான பெண்களின் சம்பளநாள் அது. மண்டிக்காரர், தரகர், வண்டி ஓட்டுபவர், தோல் சுமப்பவர் அனைவரும் சேர்ந்து காப்பாற்றிய சமையல் அது. பாயின் கைமணத்துக்குக் குறைவில்லை. ஆனால் தினமும் தின்ன ஆளிருந்தால்தான் கைமணம் நிலைக்கும்.

இக்கட்டுரைகளில் நாம் தேடித் தேடிக் காணாத ஒரு சொல் உண்டு: குஸ்கா. கறித்துண்டு இல்லாத, கறியின் சாறு இறங்கிய சோறு. முழுப் பிரியாணிக்குக் காசு போதாதவர் வாங்குவது. ‘குஸ்காவிலே கொஞ்சம் மசாலா போடுங்க பாய்’ என்று கேட்கும் குரலையும், கேட்காமலே அடியிலிருந்து அள்ளி வைக்கும் கரண்டியையும் அறியாதவர் இவ்வூர்களின் உணவகத்தை அறிந்தவர் ஆகமாட்டார். நம்மைக் கேட்டால், இப்பகுதிச் சமையலின் உச்சம் அந்தக் குஸ்காதான் என்போம். துண்டின் தயவு இல்லாமல் சோறு தானே நிற்கவேண்டும். அதில் தேறாத சமையல்காரர் பிரியாணியிலும் தேறமாட்டார்.

விடுபடும் இன்னொரு சொல்லைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலாது. அது மாட்டிறைச்சி. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிருவாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா ஒன்றை அறிவித்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றும் சொன்னது. ஆம்பூரில்! தோலை உரித்துப் பதனிட்டு உலகுக்கு அனுப்பும் ஊரில், அந்த விலங்கின் இறைச்சி மட்டும் விழாவுக்கு ஆகாது என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம், இது பாகுபாடு ஆகாதா என்று விளக்கம் கேட்டது. இறுதியில் மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஆண்டு மழைக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். பலருடைய மானத்தை அது காப்பாற்றியது.

இதை ஓர் அலுவலகத்தின் பிழை என்று மட்டும் ஒதுக்க முடியாது. நம் சுவை எழுத்தாளர்கள் ஆண்டுக்கணக்காகச் செய்துவந்ததை அரசு ஒரே அறிவிப்பில் செய்தது. கடைத்தெருவில் பாதியை நடந்து பார்த்துவிட்டு மீதியைக் கண்டும் காணாமல் திரும்பியவர்கள் இவர்கள்தாமே? மாலையில் தள்ளுவண்டியில் பீப் சில்லி பொரியும் மணம் இவ்வூர்களின் எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் வரும். ஆட்டுக்கறியின் விலைக்கு எட்டாதவர்களின் புரதம் அது. பலருக்கு எட்டினாலும் விரும்பி உண்ணும் சுவையும் அதுவே. அதை எழுத மறுத்த பேனா, ‘மக்களின் உணவு’ என்று எழுதும்போது எந்த மக்களைக் குறிக்கிறது?

‘நீங்கள் சொல்லும் இராணிப்பேட்டையில் தண்ணீர்கூடக் குடிக்கமுடியாதே’ என்பவர்களும் உண்டு. அவர்களிடம் ஆதாரம் இருக்கிறது, மறுக்க மாட்டோம். வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல்தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டது என்ற ஆய்வைக் குறிப்பிட்டது. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களுள் ஒன்றாக இவ்வூரைச் சேர்த்தது. சிப்காட்டில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவுமலை அதற்குச் சான்று. 2015 சனவரி 31 அன்று கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் சகதியில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 சனவரியிலும் பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்க ஆணையிட்டு, அதை மாசுபடுத்தியோரிடமிருந்து மீட்கச் சொல்லவேண்டியிருந்தது.

ஆனால் ஒருவர் இவ்வூரில் நஞ்சை மட்டும் பார்க்கிறார்; மற்றவர் பிரியாணியை மட்டும் பார்க்கிறார். இருவருக்கும் நடுவே மனிதர்கள் காணாமற்போகிறார்கள். நஞ்சுள்ள ஊரில் மகிழ்ச்சி இருக்கலாகாது என்பதும், மகிழ்ச்சியுள்ள கடையில் நஞ்சைப் பேசலாகாது என்பதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். இங்குள்ளவர்கள் இரண்டையும் ஒரே நாளில் வாழ்கிறார்கள். கேன் தண்ணீருக்குக் காசு கொடுத்துவிட்டு, மீதிக் காசுக்கு முத்துக்கடையில் பாயாவும் பரோட்டாவும் உண்டு, பாலத்தைக் கடந்து ஆர்க்காட்டுக்குப் போய் மக்கன்பேடா வாங்கி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே கோவாவும் பருப்புகளும் பாகுமாக இருக்கும் அந்தப் பண்டம் அவர்களுக்கு எதிர்பாராத இன்பம் இல்லை. காலையிலேயே எண்ணிவைத்த இன்பம். உழைப்பவனின் இன்பங்கள் பெரும்பாலும் திட்டமிட்டவையே.

‘நாங்கள் எழுதுவதால்தானே சிறு கடைகளுக்கு வியாபாரம் நடக்கிறது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயர் பரவினால் கூட்டம் வரும்; மகிழ்ச்சிதான். ஆனால் கூட்டம் வந்த பின் என்ன நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். விலை ஏறும், குஸ்கா பட்டியலிலிருந்து போகும், கடை ஊருக்குள்ளிருந்து நெடுஞ்சாலைக்கு நகரும். ஊர்ப்பெயரைப் பலகையில் தாங்கிய கடைகள் ஊரில் இருப்பதைவிட வெளியே மிகுதி. ஆம்பூர் என்பது இன்று பாதி ஊர், பாதி விளம்பரம். ஷிப்டு முடித்து வந்தவன் தன் கடையில் உட்கார இடமின்றி நிற்பானேயானால், அந்தப் புகழால் அவனுக்கு என்ன ஆயிற்று?

எழுதவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; நன்றாகவே எழுதுங்கள். இதே வேலூர்ப் பகுதியின் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது விளையும் மண்ணையும் நீரையும் பற்றி எழுதுங்கள். கடையில் அமர்ந்தால் பிரியாணியின் விலையோடு குஸ்காவின் விலையையும் கேளுங்கள். பாத்திரம் துலக்குகிறவர் எந்த மாநிலத்தவர், என்ன கூலி என்று கேளுங்கள். பக்கத்து இலைக்காரர் எந்தக் கம்பெனியில், எத்தனை மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்தார் என்று கேளுங்கள். டம்ளரில் உள்ள தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். இத்தனையும் கேட்ட பிறகும் அந்தச் சோறு சுவைக்கும். இன்னும் கூடுதலாகவே சுவைக்கும் என்பது நம் அனுபவம்.

கேட்க நேரமில்லை என்றால் உண்டுவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, பேசாமல் போய்வாருங்கள். அதுவும் மரியாதைதான்.