பனிக்காலமும் நகரசபையின் கடமையும்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பாகத்திலுள்ள டெக்ஸாஸ் மாகாணம் வெயிலுக்குப் பழகிய தேசம். அங்கே 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் கொடும் பனி பெய்தது. 16-ந் தேதி டல்லாஸ் நகரத்தில் உஷ்ணமானி பாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்திற்கும் 2 டிகிரி கீழே இறங்கிற்று. 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் வியாபார ஸ்தலங்களும் மின்சாரமின்றி இருளில் ஆழ்ந்தன. மாகாண சுகாதார இலாகாவின் கணக்குப்படியே மாண்டவர் 246 பேர். இவர்களைக் குளிர் கொன்றதென்பது பாதி உண்மையே. குளிர் வருமுன் செய்யவேண்டியதைச் செய்யாத அசட்டையே கொன்றது என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வாபத்து எதிர்பாராததன்று. 2011-ம் வருஷம் பிப்ரவரியிலும் இதே மாகாணத்தில் யந்திரங்கள் உறைந்து மின்சாரம் நின்றது. மத்திய அதிகாரிகள் விசாரணை செய்து, மின்சார நிலையங்களையும் எரிவாயுக் கிணறுகளையும் குளிர் தாங்கும்படி காப்புச் செய்யவேண்டுமென்று அவ்வருஷமே யோசனை கூறினர். யோசனை கட்டளையாகவில்லை, ஆகவே பலர் செலவுக்கு அஞ்சி வாளாவிருந்தனர். பத்து வருஷம் கழிந்தது. மின்சாரம் உற்பத்தி செய்ய எரிவாயு வேண்டும். எரிவாயுவை அனுப்ப மின்சாரம் வேண்டும். ஒன்று நிற்கவே மற்றதும் நின்றது. மாகாணம் முழுவதும் அடியோடு இருண்டுபோவதற்கு இன்னும் 4 நிமிஷமும் 37 விநாடியுமே பாக்கி இருந்ததென்று பின்னர் அதிகாரிகளே ஒப்புக்கொண்டனர். காப்பைக் கட்டாயமாக்கும் சட்டம், பிணங்களை அடக்கம் செய்த பிறகே பிறந்தது!

அந்த நாட்களில் ஒரு சிற்றூரின் மேயர், நகரசபை ஜனங்களுக்கு எதையும் கடன்பட்டதன்று, பலமுள்ளவர் பிழைப்பர், பலமற்றவர் மாள்வர் என்னும் பொருள்பட எழுதினார். அவர் பதவியை விட்டு நீங்கிவிட்டார். அவர் கொள்கை நீங்கிற்றா என்று கேட்கிறோம். வரி வாங்கும்போது குடிகளின் வீட்டுக் கதவைத் தவறாமல் தட்டும் சபை, குளிரில் விறைத்த கிழவியின் கதவைத் தட்டக் கடமைப்பட்டதன்றோ? பாதுகாப்பு தர்மப் பிச்சையன்று. வரி செலுத்தியவனுக்குரிய பாத்தியதை.

நகரசபை செய்யத்தக்கவை அரியனவுமல்ல. தனியே வாழும் முதியோர், நோயாளிகள் இவர்களின் ஜாபிதா முன்னதாகவே தயாராயிருக்க வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் வெப்பமுள்ள பொதுமண்டபம் ஒன்று திறக்கப்பட வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கும் குடிநீர் ஏற்றும் யந்திரங்களுக்கும் மாற்று மின்சாரம் வேண்டும். டெக்ஸாஸில் குழாய்கள் வெடித்தும், நீரேற்றும் யந்திரங்கள் நின்றும், பெருநகரவாசிகளும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி நேர்ந்தது.

ஜனங்களுக்கும் கடமையுண்டு. குளிருக்கு அஞ்சி வீட்டிற்குள் கரியடுப்பு மூட்டியும், மூடிய கொட்டகையில் மோட்டார் வண்டியை ஓடவிட்டும் உயிரிழந்தவர் பலர். கார்பன் மோனாக்ஸைட் என்னும் விஷவாயுவுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. தலைவலியும் மயக்கமுமே அதன் எச்சரிக்கை. மின்சாரம் உண்டாக்கும் எஞ்சினை வீட்டிற்கு வெளியே, ஜன்னலுக்கு 20 அடிக்கு அப்பால் வைக்கவேண்டும். உடையைப் பல அடுக்காக உடுத்தி, வீட்டார் அனைவரும் ஒரே அறையில் தங்குதல் நலம். அண்டை வீட்டாரை விசாரிக்க மறக்கலாகாது.

அதிகாரிகள் இவற்றை மறந்தால் நினைவூட்டும் ஆயுதம் ஜனங்களிடமே இருக்கிறது. 1979-ம் வருஷம் ஜனவரியில் சிகாகோ நகர வீதிகளில் குவிந்த பனி நாட்கணக்கில் அள்ளப்படாமல் கிடந்தது. அடுத்த மாதமே நடந்த கட்சித் தேர்தலில் மேயர் மைக்கேல் பிலாண்டிக், ஜேன் பைர்ன் என்ற ஸ்திரீயிடம் தோற்றார். ஆயினும் வாக்குச்சீட்டு இறந்தவரை எழுப்பாது. ஆகையால், பனியாயினும் புயலாயினும், அது வருமுன்னரே சபையில் எழுந்து, “என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?” என்று கேட்பதே பிரஜைகளின் முதற்கடமையாகும்.